குடும்பக் குழு: வட பிரான்சில சொம், ஆர்ரா பக்கம், முதலாம் உலகப் போர் நடந்த இடங்களுக்குக் காரில

நிரு: டிசம்பர் கடைசிச் சனி பாரிஸில இருந்து வெளிக்கிடுறம். தியெப்வால், லா புவசெல் பள்ளம், விமி போர்க்களம், நேவ் சப்பல் நாலு இடத்தையும் ஒரே நாளில பாக்கலாமோ?

சித்தப்பா: ஏலாது. தூரமில்லை, வெளிச்சம்தான் பிரச்சினை. விடியவே 8.45 தாண்டும், 4.45க்குப் பொழுது பட்டிடும். முதல் ரெண்டையும் பாத்திட்டு ஆர்ராவில தங்குங்கோ. விமி அங்கயிருந்து 10 கி.மீ. தான்.

நிரு: வழி?

சித்தப்பா: ஏ1 நெடுஞ்சாலையில 14ஆம் வெளிவழியால பபோமுக்கு இறங்கி, அல்பேர் போற டி929 றோட்டைப் பிடியுங்கோ. பொசியேரில வலப்பக்கம் திரும்பினா தியெப்வால். போரில செத்து உடல் கிடைக்காத 72,000 படையாக்களுக்கு மேல அங்க நினைவுச் சின்னத்தின்ர தூண்களில பெயர் வெட்டியிருக்கு. திரும்பி டி929க்கு வந்து அல்பேர் பக்கம் போனா லா புவசெல். 1916 யூலை 1 காலமை 7.28க்கு வெடிக்க வச்ச சுரங்கக் கண்ணியின்ர பள்ளம். சுத்திவரப் பலகைப் பாதை, உறைபனியில பயங்கரமா வழுக்கும்.

வாணி அக்கா: பனிக்கால டயர் கட்டாயமோ?

சித்தப்பா: நவம்பர் 1 - மார்ச் 31 சட்டம் மலைப் பகுதிகளுக்கு. அல்ப்ஸ், வோஜ் மாதிரி. சொம் பக்கம் இல்லை. அங்க மூடுபனிக்குத்தான் பயப்படோணும். 50 மீட்டருக்கு அங்கால தெரியாட்டி ஏ1இலயும் வேகம் 50 தான். பின்பக்க மூடுபனி லைட்டை மழைக்குப் போடாதேங்கோ, பின்னால வாறவனுக்குக் கண் கூசும், தண்டமும் விழும். பீட்கிழங்கு லொறியள் றோட்டில சேறு கொட்டியிருக்கும், வளைவில பிரேக்கை அமத்தாதேங்கோ.

வாணி அக்கா: நிரு, ஊருக்குள்ள வலப்பக்க ஒழுங்கையால வாறவனுக்கு வழி விடோணும். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தாத்தான் முன்னுரிமை உனக்கு. அதுக்குக் குறுக்க கறுப்புக்கோடு போட்டிருந்தா அதோட முடிஞ்சுது.

நிரு: சரி அக்கா. விமியில பிள்ளைகள் ஓடித் திரியலாமோ?

சித்தப்பா: வேலிக்குள்ள கால் வைக்க விடாதேங்கோ. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள்ள கிடக்கு. புல் வெட்ட மிசின் விடேலாமல் செம்மறி மேய விடுகினம். வயல் ஓரத்தில துருப்பிடிச்ச எறிகணை கண்டாலும் தொடக்கூடாது. உழேக்க வந்ததை விவசாயிகள் எடுத்து வச்சிருப்பினம்.

வாணி அக்கா: நேவ் சப்பலில இந்தியப் படையாக்களின்ர நினைவிடம்தானே?

சித்தப்பா: ஓம், 1927இல திறந்தது. 4,700க்கு மேல பெயர்கள். 1915 மார்ச் 10இல அங்க செத்து, விக்டோரியா சிலுவை எண்ட பிரிட்டிஷ் உயர் வீர விருது வாங்கின கட்வாலி படைப்பிரிவு வீரன் கபர் சிங் நேகியின்ர பெயரும் இருக்கு. லா பாசேயில இருந்து எஸ்தேர் போற டி947இல, நாற்சந்தியிலயே தெரியும்.

வாணி அக்கா: சாப்பாட்டுக் கடையள் 2 மணிக்குப் பிறகு அடுப்பை மூடியிடுவினம். ரொட்டியும் ஃப்ளாஸ்கில தேத்தண்ணியும் கட்டு.