உங்கள் ஒழுங்கையில் நடந்து, இன்றுவரை மனத்தை உறுத்தும் ஒன்று

கடலோர ஒழுங்கை எழுதியது:

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கி ரயில் பாதையில் போய் முட்டும் ஒழுங்கைகளை அறிந்தவர்களுக்கு எங்கள் ஒழுங்கையை விவரிக்கத் தேவையில்லை. மரைன் டிரைவ் வருவதற்கு முந்திய காலம் அது. ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து முருகனின் வேல் தேரில் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்கு வரும்போது, அதைப் பார்க்க எங்கள் ஒழுங்கையின் சிங்களப் பிள்ளைகளும் எங்களோடு நடந்து வருவார்கள்; திரும்பும்போது எல்லோர் கையிலும் கரும்பு இருக்கும்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரம் கொழும்பில் பரவியபோது, வீட்டைப் பூட்டிய அம்மா, திறப்பை எதிர்வீட்டுச் சிங்கள அன்ட்டியின் கையில் திணித்துவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு ஓடினார். சரஸ்வதி மண்டபத்து முகாமில் சில நாட்கள் இருந்தோம். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். மறுவருடம் தை மாதம் திரும்பியபோது, சாமிப் படங்கள், தையல் இயந்திரம், பாத்திரங்கள் ஆகிய அனைத்தையும் இரண்டு தேயிலைப் பெட்டிகளில் அடைத்துத் தன் கட்டிலுக்கடியில் வைத்திருந்த அன்ட்டி, அவற்றை எங்கள் விறாந்தைக்குக் கொண்டுவந்து தந்தார்.

அம்மா தரையில் அமர்ந்து, சீதனமாக வந்த வெள்ளிக் கரண்டிகளை எடுத்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். அன்ட்டிக்குத் தெரிந்த தமிழ் மரக்கறிப் பெயர்களும் எண்களும்தான். வண்டியில் மரக்கறி கொண்டுவருபவரிடம் கற்றுக்கொண்டவை. அவர் கதவு நிலையைப் பிடித்தபடி ஒவ்வோர் எண்ணையும் கேட்டுக்கொண்டு நின்றார். எண்ணிக்கை பத்தில் நின்றது.

கொழும்பு 13 எழுதியது:

கரண்டிகள் மொத்தம் எத்தனை என்பதை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அது ஒருபுறமிருக்க, ஓர் அன்ட்டியின் நல்ல மனத்தை வைத்து ஒழுங்கை முழுவதற்கும் நற்சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வாரம் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களில் பலர் வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள் என்பது பலமுறை பதிவான செய்தி. பட்டியலில் இல்லாத வாடகை வீடுகளைக் கூட அடையாளம் காட்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அயல் என்பது காப்பாற்றியவரையும் காட்டிக்கொடுத்தவரையும் சேர்த்ததுதான். எங்கள் கொட்டாஞ்சேனையும் இதற்கு விலக்கல்ல. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கத்தோலிக்கரும் பௌத்தரும் இங்கேதான் மோதிக்கொண்டார்கள்.

என் கதை இன்னோர் உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்தியது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சத்தம் எங்கள் வீட்டு யன்னல்களை அதிரவைத்தது. இரண்டு வாரங்கள் கழித்து நோன்பு தொடங்கியது. எங்கள் தோட்டத்தில், அதாவது நெருக்கமாக வீடுகள் அமைந்த எங்கள் குடியிருப்பில், நான்கு வீடுகள் தள்ளி வசிக்கும் முஸ்லிம் குடும்பத்திலிருந்து, நான் பிள்ளையாக இருந்த காலம் முதல், நோன்புக் கஞ்சி வரத் தவறியதில்லை. தூக்குச் சட்டியைக் கதவடியில் வைத்து, ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நத்தாருக்கு அதே சட்டியில் எங்கள் வீட்டுப் பலகாரம் போகும். அந்த வருடம், ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றாள். "இந்த வருஷமும் கஞ்சி தரவான்னு உம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நான் "தாங்க" என்றுதான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் திரும்பி என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அந்தப் பிள்ளையும் பார்த்தாள். கஞ்சி வந்தது, அதற்கடுத்த வருடமும் கேட்டுவிட்டுத்தான் வந்தது.

தையற்கடைச் சந்தி எழுதியது:

என்னுடையது சிறிய அனுபவம். அம்மம்மா இருந்த வீட்டைத் தேடி வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கைக்குப் போனேன். அது இப்போது உருத்திரா மாவத்தை. கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கும் வீதி என்றால் எல்லோருக்கும் தெரியும். பழைய இலக்கத்தைச் சொல்லி விசாரித்தபோது, வயதான தையற்காரர் ஒருவர் என்னைத் தொடர்மாடி ஒன்றின் வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துச் சென்று, வெள்ளைக் கார் ஒன்றின் முன்சில்லைக் காட்டி, "கிணறு இதுக்குக் கீழதான்" என்றார்.

மேலே எழுதிய இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று வாதிடுவதை விட்டுவிட்டு, யார் எந்த வீட்டில் இருந்தார் என்பதை முதலில் எழுதி வையுங்கள். ஒழுங்கையை ஒரு தாளில் வரைந்து, பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் அருகருகே குறியுங்கள். வீதிப் பெயர் மாறியிருந்தால் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். காணி உறுதிப் பத்திரங்களின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம் என்பதால், வீடு கைமாறிய வரிசை தெரியவரும். வாடகைக்கு இருந்தவர்கள் உறுதியில் வரமாட்டார்கள். கொழும்பில் நம்மவர்களில் பெரும்பகுதியினர் வாடகைக்கு இருந்தவர்களே. அவர்களைப் பிடிக்கப் பழைய வீரகேசரிப் பத்திரிகையின் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். முகவரியும் பிள்ளைகள் குடியேறிய நாடுகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்வையிட முடியும். பழைய மலர்களையும் நினைவு மலர்களையும் நூலகம் இணையத் தளத்தில் இருந்த இடத்திலிருந்தே வாசிக்கலாம். அத்தோடு, கலியாணப் படங்களில் மணமக்களை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைக் கவனியுங்கள். எங்கள் வீட்டு அல்பத்தில், அந்தத் தையற்காரர் இளைஞராக, கையில் பன்னீர்ச் செம்போடு நிற்கிறார். நான் அவரிடம் பெயர் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

கடலோர ஒழுங்கை எழுதியது:

கொழும்பு 13 அவர்களுக்கு: பட்டியல் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். எங்கள் ஒழுங்கையிலும் யாரோ ஒருவர் விரல் நீட்டியிருக்க வேண்டும். யார் என்பதை அன்ட்டி அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன், ஆனால் கடைசிவரை அவர் சொல்லவில்லை. நான் ஒழுங்கைக்கு நற்சான்றிதழ் எதுவும் கொடுக்கவில்லை, கரண்டிகளை எண்ணிய அம்மாவின் விரல்களைப் பற்றித்தான் எழுதினேன்.

கரண்டிகள் மொத்தம் பன்னிரண்டு. பத்தோடு நின்றபோது அம்மா பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். அன்ட்டி ஒன்றும் பேசாமல் தன் வீட்டுக்குப் போய், கட்டிலுக்கடியில் தும்புத்தடியால் கூட்டிப் பார்க்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. இரண்டு கரண்டிகள் அடுத்த ஆண்டு கிடைத்தன. முகாமில் தம்பிக்கு மா கரைத்துக் கொடுக்க நாங்களே எடுத்துப்போன பையின் அடியில், பால்மாப் பேணிக்குள், பழைய துணி சுற்றி இருந்தன. அம்மா அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அன்ட்டி அதற்கு முதல் மாதமே மகளோடு மகரகமைக்குப் போய்விட்டிருந்தார்.