எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து (ஊர்க் கோவில் சமூகத்திலிருந்து) குருமடம் (குருவாகப் பயிற்சி பெறும் இடம்) செல்ல இளைஞர்களை ஊக்குவிப்பது எப்படி?

பங்குப் பேரவை உறுப்பினர், பூண்டி அருகே:
எங்கள் பங்கில் கடைசியாக ஒருவர் குருப்பட்டம் பெற்று 16 ஆண்டுகள் ஆகின்றன. 1964 முதல் திருச்சபை எங்கும், குருத்துவ, துறவற அழைத்தல் பெருக வேண்டி நடைபெறும் இறையழைத்தல் ஞாயிறன்று, மன்றாட்டில் ஒரு வரி சேர்ப்பதோடு எங்கள் முயற்சி முடிந்துவிடுகிறது. திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவர் 12 பேர் இருந்தும் ஒருவனுக்கும் அந்த எண்ணமில்லை. உங்கள் பங்குகளில் என்ன செய்கிறீர்கள்?

மறைக்கல்வி ஆசிரியர், கும்பகோணம்:
சுவரொட்டியைப் பார்த்து எவரும் குருமடம் போய் நான் கண்டதில்லை, ஐயா. எங்கள் ஊரிலிருந்து சென்ற இருவருமே ஒரே பங்குத்தந்தையின் காலத்துப் பீடச்சிறுவர்கள். நோயாளிகளுக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுசெல்லும்போது அவர்களையும் சைக்கிளில் உடன் வரச் சொல்வார். படுக்கையில் கிடந்த பாட்டி ஒருவர் நற்கருணை வாங்கிய பின்னும் பங்குத்தந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, அவர் சற்றும் அவசரப்படாமல் கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்ததை, இருவரில் ஒருவர் தம் முதல் நன்றித் திருப்பலியில் நினைவுகூர்ந்தார். இன்றோ பிள்ளைகள் சாமியாரைப் பார்ப்பது பெரும்பாலும் கட்டட நிதி அறிவிப்பின்போதுதான் (மனக்குறையைச் சொல்லிவிட்டேன், பொறுத்தருள்க).

ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்:
பையன்களோடு வீட்டாரிடமும் பேசுங்கள். எங்கள் பெற்றோர் ஐந்து பிள்ளைகளில் ஒருவரைக் கோவிலுக்கு விட்டார்கள். எனக்கோ ஒரே மகன். குருமடம் போகிறேன் என்று அவன் சொன்னபோது, பத்து மா நிலத்தை இனி யார் பார்ப்பது என்று கேட்ட அவன் தந்தை, அதன்பின் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. குருமட அதிபரே வீட்டுக்கு வந்து, திண்ணையில் அவரோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் இறங்கி வந்தார்.

முன்னாள் குருமாணவர், மன்னார்குடி:
அம்மா சொல்வது சரி. குருமடத்தில் மெய்யியல் (தத்துவப்) படிப்பை மட்டும் முடித்து நான் திரும்பி வந்தபோது, 'மடத்தை விட்டு ஓடி வந்தவன்' என்றே ஊரில் பேசினார்கள். அதைக் கேட்டு, போக நினைத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனும் பின்வாங்கிவிட்டான். எவரையும் கட்டாயப்படுத்திக் குருவாக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1026. மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது 6 ஆண்டுகள் படிக்க வைப்பதும், குருப்பட்டம் பெற 25 வயது நிறைய வேண்டும் என்பதும், போகிறவன் தன்னைத் தானே தெளிந்துகொள்வதற்கும் இடம் தருகின்றன. அந்தத் தெளிவில் சிலர் திரும்பி வருவது இயல்பே.

பங்குப் பேரவை உறுப்பினர், பூண்டி அருகே:
நன்றி. நோயாளர் சந்திப்புக்குப் பீடச்சிறுவரை, பெற்றோர் சம்மதத்தோடு, அழைத்துச் செல்வது பற்றிப் பங்குத்தந்தையிடம் கேட்கிறேன். எங்கள் ஊரிலும் அப்படித் திரும்பி வந்தவர் ஒருவர் இருக்கிறார். பீடச்சிறுவரைப் பழக்கும் பொறுப்பை ஏற்பீர்களா என்று அவரிடம் கேட்க எங்களுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.