மறு: டியூட்டி சைக்கிளுக்குத் தமிழ்: பணிச்சுழற்சியா, இயங்குபங்கா?

குழுவினருக்கு வணக்கம். சொருகிக் கிடக்கும் நேரத்தில் ஒரு சாமான் உண்மையில் மின்சாரம் இழுக்கும் நேரம் எத்தனை பங்கு என்பதுதான் டியூட்டி சைக்கிள். அதற்கு 'இயங்குபங்கு' என்று வைக்கலாம் என்றேன்; வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'பணிச்சுழற்சி' என்று ஏற்கெனவே புழங்குகிறதே, புதிதாக எதற்கு?

புழங்கட்டும். ஆனால் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பணிச்சுழற்சி என்றால், செம்பனை ஆலையில் இந்த வாரம் பகல் ஷிப்ட்டா, இரவு ஷிப்ட்டா என்றுதான் கேட்பார்கள். நான் எழுதிக்கொண்டிருப்பது தோட்டத்து வீடுகளுக்கான துண்டறிக்கை. எந்தச் சாமான் எத்தனை யூனிட் இழுக்கிறது, மாதம் எத்தனை வெள்ளி ஆகிறது என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு உதவாத சொல் எவ்வளவு பழையதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இடறுவது ஐஸ் பெட்டியில்தான். பின்பக்கத் தகட்டில் 120 வாட் என்று இருக்கிறது என்று வையுங்கள். பெட்டி நாள் முழுக்கச் சொருகித்தான் கிடக்கிறது. 120-ஐ 24-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் நாளுக்கு 2.88 யூனிட், 30 நாளுக்கு 86.4. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலையில் வந்த மின்கட்டணப்படி ஆற்றல் 27.03, கொள்திறன் 4.55, வலையமைப்பு 12.85 என்று யூனிட்டுக்கு 44.43 சென். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோருக்கான ஊக்கத் தள்ளுபடியைக் கழிக்காமல் பார்த்தால் ஐஸ் பெட்டிக்கு மட்டும் 38 வெள்ளிக்கு மேல் போகிறது. பில்லோடு ஒத்துவராது. ஏன்? உள்ளே வேண்டிய குளிர் வந்ததும் மோட்டார் நின்றுவிடுகிறது. குளிர் குறைந்தால் மறுபடி எடுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது என்றால் மாதத்துக்கு 28.8 யூனிட், 12 வெள்ளி 80 சென். அந்த 'மூன்றில் ஒரு பங்கு'க்குத்தான் பெயர் தேடுகிறோம்.

ஆகவே சொல்லில் 'பங்கு' இருந்தே தீர வேண்டும் என்பது என் கட்சி. சுழற்சி என்றால் பெருக்கத் தோன்றாது. எத்தனை தடவை நின்று நின்று ஓடியது என்று எண்ணத்தான் தோன்றும். 'ஓடுநேர விகிதம்' பொருளில் சரி, ஆனால் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காது.

> ஓடுபங்கு? ஓடுதளம் மாதிரி வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது.

வாய்க்கு இதுதான் இனிமை, ஒத்துக்கொள்கிறேன். கூரை ஓடு குறுக்கே வரும் என்ற மறுப்பை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஓடுதளத்தை யாரும் ஓடு வேய்ந்த தளம் என்று படிப்பதில்லை. சிக்கல் அயர்ன் பெட்டியில். பள்ளிச் சட்டை தேய்க்கும்போது கவனித்திருப்பீர்கள், சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரியும். 1000 வாட் பெட்டியில் பத்து நிமிடத்துக்கு நான்கு நிமிடம் விளக்கு எரிந்தால் பங்கு 0.4. ஆனால் அயர்ன் பெட்டி 'ஓடுகிறது' என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்? சூடேறுகிறது என்பார்கள். வாட்டர் ஹீட்டரும் அப்படித்தான். 'இயங்கு' என்றால் மோட்டாருக்கும் பொருந்தும், சூடேற்றும் கம்பிக்கும் பொருந்தும். அதனால் இயங்குபங்கு.

துண்டறிக்கையில் கணக்கு இப்படிப் போகிறது: வாட் × மணி × இயங்குபங்கு ÷ 1000 = யூனிட். மேசை விசிறிக்கும் விளக்குக்கும் இயங்குபங்கு 1, பேசவே வேண்டியதில்லை. ஐஸ் பெட்டிக்கு மட்டும், ஒரு முழு நாளாவது பார்த்துவிட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். மத்தியான வெயிலில், பிள்ளைகள் கதவைத் திறந்து திறந்து மூடும் நேரத்தில் பார்த்தால் பங்கு கூடத்தான் காட்டும்.

ஒன்று பாக்கி. இன்வெர்ட்டர் ஏர்கோன், இன்வெர்ட்டர் ஐஸ் பெட்டி இரண்டும் பெரும்பாலும் நிற்பதில்லை, வேகத்தைத்தான் குறைத்துக்கொள்கின்றன. போட்டிருக்கும் நேரம் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் முழு வாட் இழுக்காது. அங்கே இயங்குபங்கு என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவற்றுக்கு 'சராசரித் திறன்' என்று தனி வரி போட்டு, சொருகும் மீட்டர் வைத்து அளந்து எழுதச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

அப்புறம், தகட்டில் உள்ள வாட்டுக்குக் 'குறிதிறன்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அதைத் தனி இழையில் வையுங்கள்.