20 மி.மீ. ரப்பர் ஷீட்டை நேராக வெட்டுவது எப்படி?

கேள்வி: திருகாணி

இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் வைக்க, 20 மி.மீ. கனமுள்ள ரப்பர் ஷீட்டிலிருந்து 100 மி.மீ. சதுரத் துண்டுகள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் 12 மி.மீ. போல்ட் போக ஓட்டை. கட்டர் பாதியில் சிக்கிக்கொள்கிறது, வெட்டிய முகமும் சரிந்துவிடுகிறது. ட்ரில் பிட் போட்டால் ஓட்டை பிய்ந்து சிறிதாகிறது. ஆங்கிள் கிரைண்டர் சரிவருமா? ஃப்ரீசரில் வைத்து வெட்டினால் சுலபமா?

பதில்: உளிமுனை

கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ரப்பர் கருகிப் பிசுபிசுக்கும், புகையும் கெடுதல். ஃப்ரீசரும் பயன்படாது: இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் இறுகுவது சுமார் -70 டிகிரியில், வீட்டு ஃப்ரீசர் -18தான்.

கட்டர் சிக்குவதற்குக் காரணம் உராய்வு. வெட்டின் இரு பக்கமும் பிளேடைக் கவ்விப் பிடிக்கின்றன. தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பிளேடையும் வெட்டையும் நனைத்துக்கொண்டே இருங்கள். எண்ணெய் கூடாது, இயற்கை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்.

18 மி.மீ. அகலப் பிளேடு (கட்டம் கட்டமாக ஒடிக்கும் வகை), புது முனை. கனமான ஸ்டீல் பட்டையை இரு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதையொட்டி 2 மி.மீ. ஆழத்துக்கு முதல் கோடு. முழு வேலையும் இந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பிறகு கோட்டுக்கு நேர் கீழே ஒரு மெல்லிய ரீப்பரை (மரச் சட்டத்தை) வைத்தால் ஷீட் லேசாக வளைந்து வெட்டு வாய் திறக்கும். அழுத்தாமல் இழுத்து இழுத்து வெட்டுங்கள். எட்டுப் பத்து இழுப்பு ஆகும். அழுத்தினால் ரப்பர் நசுங்கி நகரும், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். முகம் சரிவது அதனால்தான். கடைசி 3 மி.மீ.க்கு ரீப்பரை எடுத்துவிட்டு, பிளைவுட் மேல் தட்டையாக வைத்து முடியுங்கள். இல்லையென்றால் அடிப்பக்கம் கிழியும். பிடிக்கும் கை எப்போதும் பிளேடு வரும் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

பதில்: கடைசல்

ஓட்டைக்கு ட்ரில் பிட்டை மறந்துவிடுங்கள். வெளிவிட்டம் 13 மி.மீ. உள்ள மெல்லிய ஸ்டீல் குழாயை எடுத்து, வாயை உட்பக்கமாகச் சரித்துக் கூராக்குங்கள். சரிவு உள்ளே இருந்தால் நசுங்குவது கழிவுத் துண்டு, ஓட்டையின் சுவர் நேராக நிற்கும். ட்ரில் பிரஸ்ஸில் மாட்டிக் குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு, சோப்புத் தண்ணீரோடு மெல்ல இறக்குங்கள். அடியில் மரக்கட்டை, ஷீட்டுக்குக் கிளாம்ப். 5 மி.மீ.க்கு ஒருமுறை தூக்கி மறுபடி நனைக்க வேண்டும். சுற்றாமல் சுத்தியலால் அடித்து இறக்கினால் ஓட்டை நடுவில் இடுப்புபோல் ஒடுங்கும்.

திருகாணி

ஷீட்டின் விளிம்பில் துணி இழை தெரிகிறது. அதற்கும் இதே முறைதானா?

உளிமுனை

முறை அதேதான், ஆனால் நைலான் இழை முனையைச் சீக்கிரம் மழுக்கும். ஒவ்வொரு பக்கம் வெட்டியதும் பிளேடின் ஒரு கட்டத்தை ஒடித்துப் புது முனை எடுங்கள். இழையைத் தாண்டும் இழுப்பில் மட்டும் கொஞ்சம் அழுத்தம் தேவைப்படும். ஸ்டீல் கம்பி தென்பட்டால் கட்டரால் முடியாது, வேறு ஷீட் எடுங்கள்.