காய்ந்ததும் மீண்டும் எழும் பழுப்புக் கறை: கம்பளி கார்பெட்டுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் கூடத்து கார்பெட்டின் ஒரு மூலையில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வருகிறது.

கம்பளி இழை, சணல் அடிப்புறம், வெளிர் சந்தன நிறம், 6க்கு 9 அடி. போன மாதம் ஜன்னல் வழியாக மழைநீர் இறங்கி அந்த மூலை இரவு முழுவதும் ஊறிவிட்டது. ஈரமாக இருக்கும்போது கறை அவ்வளவாகத் தெரிவதில்லை. காயக் காய இழைகளின் நுனியில் தேநீர் நிறம் ஏறுகிறது. அடிப்பகுதி சுத்தமாகவே இருக்கிறது. பூஞ்சை வாடை இல்லை. வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன், கார்பெட்டின் சாயம் இறங்கவில்லை. ஆகவே சணலில் இருக்கும் நிறம்தான் ஈரத்தோடு மேலேறுகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் மென்மையான கம்பளி சோப்பு நீரால் ஒற்றி எடுத்தேன், பயனில்லை. நீர் கலந்த வெள்ளை வினிகர் நன்றாகவே வெளுக்க வைத்தது, ஆனால் மறுநாள் பாதி நிறம் திரும்பிவிட்டது. தடிமனான துண்டை விரித்து, மேலே பாரம் வைத்து, மின்விசிறியும் ஓடவிட்டேன். துண்டில் பழுப்பு இறங்கியது, கார்பெட்டிலும் மிச்சம் இருக்கிறது.

குளோரின் பிளீச் கம்பளியையே கரைத்துவிடும், புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த சலவைத்தூளும் இழையைக் கெடுக்கும். இரண்டையும் தொடவில்லை. சோடா உப்பு காரத்தன்மை கொண்டது, பழுப்பை அதிகமாக்கும் என்பதால் அதையும் தவிர்த்தேன்.

சணல் அடிப்புறம் கொண்ட கம்பளி கார்பெட்டில் இப்படி மேலேறும் கறையை முழுமையாக நிறுத்தியவர்கள் என்ன செய்தீர்கள்?