உவர் நிலத்துக்கு ரகத்தை மாற்றினால் போதுமா?

நாகை வயல்:
கடலோர வயலில் உப்பு ஏறினால் ஜிப்சம் போடு, வாய்க்கால் வெட்டு என்கிறார்கள். காசுக்கு எங்கே போவது? நெல்லின் வேரே உப்பைத் தடுக்கும்போது ரகத்தை மாற்றுவதுதான் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும். கேரளத்தில் உப்பைத் தாங்கும் பொக்காளி நெல் இருக்கிறது. நம்மிடம் குழியடிச்சானும் களர்பாலையும் இல்லையா?

ஈரமண்:
ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதலில், ஜிப்சம் சோடியம் ஏறி இறுகிப்போன களர் மண்ணுக்குத்தான். வெறும் உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். மண் பரிசோதனையில் இ.சி. (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) 4-ஐத் தாண்டினால் உவர் நிலம் என்கிறோம். சாதாரண நெல்லுக்கு 3 தாண்டினாலே மகசூல் இறங்கும். வேருக்கும் ஓர் எல்லை உண்டு.

நாகை வயல்:
எல்லை உண்டுதான், ஆனால் அது ரகத்துக்கு ரகம் மாறும். வேரின் உள்ளடுக்கான அகத்தோலில் காஸ்பேரியன் பட்டை என்ற தடுப்பு வளையமும், சுபெரின் என்ற மெழுகு போன்ற பூச்சும் இருக்கின்றன. செல் இடுக்கு வழியாகக் கசியும் உப்புநீரை மறிப்பவை அவைதான். பொக்காளியையும் நம் ஐ.ஆர். 20-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பொக்காளி வேரில் சுபெரின் அதிகம், மேலே ஏறிய சோடியம், அதாவது உப்பு, குறைவு. தப்பி ஏறுவதையும், வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் சைலக் குழாயை ஒட்டிய செல்கள் திரும்ப இழுத்துக்கொள்ளும். நெல்லில் அதற்கான மரபணுவை 2005-இல் உப்பைத் தாங்கும் நோனா பொக்ரா ரகத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அதே வேலையைச் செய்யும் மரபணுவைப் பழைய கோதுமை இனத்திலிருந்து டியூரம் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். உப்பு வயலில் விளைச்சல் 25 சதவீதம் வரை கூடியதாக 2012-இல் வெளியிட்டார்கள்.

ஈரமண்:
அந்த 25 சதவீதம், அதே உப்பு வயலில் அந்த மரபணு இல்லாத பயிரைவிடக் கூடுதல். நல்ல நிலத்து விளைச்சலை எட்டிவிட்டதாக அர்த்தம் இல்லை. பொக்காளியையே எப்படிப் பயிரிடுகிறார்கள் என்று பாருங்கள். கோடையில் வயல் மண்ணை மேடுமேடாகக் கூட்டி வைப்பார்கள். ஜூன் மழை மேட்டிலுள்ள உப்பைக் கழுவிய பிறகுதான் முளைகட்டிய விதை விழும். நாற்று தேறியதும் மண்வெட்டியால் மேட்டை வெட்டி, நாற்றோடு மண்ணைப் பரப்பிவிடுவார்கள். நாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும் நெல்லுக்கு உப்பு ஆகவே ஆகாது. அவ்வளவு கெட்டியான வேருக்கே மழை முதலில் கழுவித் தர வேண்டியிருக்கிறது!

கடைமடை:
இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் கழுவத் தண்ணீர்? ஆற்று நீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும், சில வருடம் வராது. மழை பொய்த்தால் ரகத்தை நம்பாமல் என்ன செய்வது?

நாகை வயல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அண்ணே. வடிகால் ஊர் கூடிச் செய்யும் வேலை. விதையை ஒருவரே மாற்றிவிடலாம்.

ஈரமண்:
மாற்றுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஐப்பசி மழையை வரப்பு உயர்த்தித் தேக்கி, ஒரு தடவையாவது வடித்துவிட்டு நடுங்கள். நாற்றங்கால் மேட்டில் இருக்கட்டும். இளநாற்று வேண்டாம், நன்றாக முற்றிய நாற்றாகப் பார்த்துக் குத்துக்கு ஒன்றிரண்டு கூட்டி வையுங்கள்.

கடைமடை:
வடிப்பது எங்கே? எங்கள் வடிகால் தூர்ந்து வயலைவிட மேடாகிவிட்டது. அதை யார் வெட்டுவது என்று பேசுவோமா?