எடுத்து வைக்கிற போத்தல்

குழு: சுங்கை சிப்புட் ஸ்டவுட் கூட்டம்

பிரகாஷ் (இரவு 8:04): வணக்கம் எல்லாருக்கும். நானும் வீட்டுக்காரியும் அடுத்த மாசம் பிரஸ்ஸல்ஸ் போறோம். எடுத்து வெச்சு வருஷக்கணக்குல குடிக்கிற மாதிரி ஸ்ட்ராங் ஏல் பீர் வாங்கணும். ஆல்கஹால் பர்சென்ட் கூடக் கூட நல்லதுதானே?

தனபால் மாமா (8:09): பர்சென்ட் மட்டும் பாத்து வாங்காதப்பா. 8-க்கு மேல இருந்தா நல்லது, அது சரி. ஆனா எது தூக்கலா நிக்குதுன்னு பாரு. மால்ட் (முளைகட்டிக் காய வெச்ச பார்லி) தூக்கலா இருந்தா வைக்கலாம். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற பூ) வாசனைதான் உசுருன்னா சட்டுனு குடிச்சிடணும். டபுள் ஐபிஏன்னு ஹாப்ஸ் தூக்கலான பீர், 9 பர்சென்ட்கூட இருக்கும். ஆறு மாசத்துல அந்தப் பழ வாசனை ஓடிப்போயி தித்திப்பும் வறட்டுக் கசப்பும்தான் மிஞ்சும்.

பிரகாஷ் (8:10): அப்ப டுவெல்னு அந்தப் பெல்ஜியம் பீர்? 8.5 ஆச்சே.

தனபால் மாமா (8:10): புதுசுலதான் அதுக்கு அழகு. வெச்சுக் கெடுக்காத.

பிரகாஷ் (8:11): சரி, வைக்கிற ஜாதி எது?

தனபால் மாமா (8:16): பார்லி ஒயின் (பேருதான் ஒயின், பீர்தான்), ஓல்ட் ஏல், இம்பீரியல் ஸ்டவுட், பெல்ஜியம் குவாட், எல்லாம் கெட்டியான ஸ்ட்ராங் பீர் வகை. நீ போற ஊர்லயே சிமே புளூ (9 பர்சென்ட்), செயின்ட் பெர்னார்டஸ் 12 (10), ரோஷ்ஃபோர் 10 (11.3) மூணும் கிடைக்கும். ரோஷ்ஃபோர் 10-ல அந்தப் 10 பர்சென்ட் இல்ல, பழைய கணக்குல வந்த பேரு, குழம்பிக்காத. இங்கிலாந்துல ஃபுல்லர்ஸ் விண்டேஜ் ஏல் 8.5, 1997-லேர்ந்து வருஷம் ஒண்ணு வருது. லீஸ் ஹார்வெஸ்ட் ஏல் 11.5, அது 1986-லேர்ந்து. அமெரிக்கச் சரக்குல சியர்ரா நெவாடா பிக்ஃபுட் 9.6. அதுல ஹாப்ஸ் எக்கச்சக்கம், ஆனா அடியில மால்ட் கெட்டியா இருக்கு. புதுசுல நாக்கைச் சுரண்டும். மூணு வருஷத்துல கசப்பு இறங்கி, காய்ச்சின சக்கரை ருசி மேல வரும்.

குணா அண்ணன் (8:17): சாமிக்லாஸ்னு ஒண்ணு இருக்குல்ல மாமா, 14 பர்சென்ட்?

தனபால் மாமா (8:18): நல்லாவே வைக்கலாம். ஆனா அது லாகர் (குளிர்ல நொதிக்க வைக்கிற பீர்) தம்பி, ஏல் இல்ல.

மணியம் தாத்தா (8:20): காலைல இறக்குன கள்ளு சாயங்காலம் புளிச்சுப் போவுது. இது மட்டும் எப்புடி அஞ்சு வருஷம் நிக்கும்? கதை வுடாதீங்கடா.

சரோஜா அக்கா (8:26): தாத்தா, கள்ளுல ஹாப்ஸ் இல்ல, ஆல்கஹாலும் கம்மி, பானையும் திறந்தே கிடக்கு. காத்துல இருக்கிற பாக்டீரியா உள்ள போயி ஆல்கஹாலைப் புளிப்பாக்கிடும். ஏல்ல ஹாப்ஸ் பல பாக்டீரியாவை அண்ட விடாது, மிச்சத்தை ஆல்கஹால் பாத்துக்கும், மூடியும் இறுக்கம். அதனால அது புளிக்கிறதில்ல, மெதுவாக் காத்துப் பட்டு மாறுது. நம்ம மில்லுல செம்பனை எண்ணெய் காறிப்போற மாதிரிதான். காத்து, சூடு, நாள் மூணும் சேர்ந்து செய்யிற வேலை. எண்ணெய்ல அது கெடுதி. கெட்டியான ஏல்ல கொஞ்சமா நடந்தா உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஷெர்ரி ஒயின் வாசனை வரும். லேசான பீர்ல அதே காத்து நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனைதான் கொடுக்கும். மறைக்க அதுல மால்ட் இல்லையே.

மணியம் தாத்தா (8:27): அட்டைப்பெட்டியா. பேஷ்.

பிரகாஷ் (8:28): வாங்கி வந்து சமையலறை அலமாரில இருட்டா வெச்சா போதுமா?

சரோஜா அக்கா (8:31): அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறது. நம்ம ஊர்ல பகல் 33, ராத்திரி 24. பாதாள அறையில 10-லேர்ந்து 13 டிகிரி இருக்கும். 10 டிகிரி ஏறினா இந்த மாற்றம் சுமார் ரெண்டு மடங்கு வேகமாகும்னு வெச்சுக்கோ. அப்ப 12-ஐ விட 30-ல மூணரை மடங்கு. "சீக்கிரம் முத்தும், நல்லதுதானே"ன்னு கேக்காத. எல்லா மாற்றமும் ஒரே அளவுல வேகமாகாது. சூட்டுல அட்டை வாசனை முந்திக்கும், அடியில இருக்கிற ஈஸ்ட் செத்துக் கரைஞ்சு சோயா சாஸ் வாடை அடிக்கும். அது வந்துட்டா போத்தலை சிங்க்ல ஊத்த வேண்டியதுதான்.

பிரகாஷ் (8:32): அப்ப ஐஸ்பெட்டில, 4 டிகிரில?

சரோஜா அக்கா (8:33): கெடாது. ஆனா மாற்றம் ரொம்ப மெதுவாயிடும், வெச்ச பலனைப் பாக்கப் பல வருஷம் பிடிக்கும். 12 டிகிரில வை.

குணா அண்ணன் (8:41): இது என் டிபார்ட்மெண்ட். ஒயின் சில்லர் வாங்கறதுன்னா கம்ப்ரசர் இருக்கான்னு கேளு. சின்னச் சின்னதா சத்தமில்லாம வர்றது பெல்டியர் (கம்ப்ரசர் இல்லாம கரண்ட்லயே குளிர வைக்கிற தகடு), வெளி சூட்டுல இருந்து 15 டிகிரி இறக்கவே திணறும். வெளியில 33-ன்னா உள்ள 18, அதுவும் நிக்காம ஓடி. அதுக்குப் பதிலா பழைய ஒத்தைக் கதவு ஐஸ்பெட்டி எடு, வெளியில மாட்டுற டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கு. ஐஸ்பெட்டி பிளக்கைக் கன்ட்ரோலர்ல சொருகு. செட்டிங் 12, வித்தியாசம் 1. 13 ஆனா ஓடும், 12-ல நிக்கும். பெட்டியோட சொந்த நாபைக் கடைசி கூலிங்ல வெச்சிடு, இல்லேன்னா அது முந்திக்கிட்டு ஆஃப் பண்ணும்.

குணா அண்ணன் (8:44): ரெண்டு விஷயம் மறக்காத. ஒண்ணு, கம்ப்ரசர் டிலே 5 நிமிஷம். கரண்ட் போயி உடனே வந்தா, கேஸ் அழுத்தம் இறங்கறதுக்குள்ள மோட்டார் ஸ்டார்ட் ஆகப் பாக்கும், முடியாது, சூடேறி எரியும். ரெண்டு, சென்சாரைக் காத்துல தொங்க விடாத. கதவு திறக்கும்போதெல்லாம் 20 காட்டும், கம்ப்ரசர் தட்தட்னு ஆன் ஆஃப். ஒரு போத்தல் நிறைய தண்ணி, அது மேல சென்சாரை டேப் போட்டு ஒட்டி, அதுக்கு மேல துண்டு ஸ்பான்ஜ். நமக்கு வேண்டியது பீரோட சூடு, காத்தோட சூடு இல்ல.

பிரகாஷ் (8:46): கதவு ரப்பர் சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கறது அண்ணே?

குணா அண்ணன் (8:49): ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டைக் கதவு இடுக்குல பாதி வெச்சு மூடு. இழுத்தா இறுக்கிப் பிடிக்கணும். வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல ஈரக்காத்து உள்ள போவுது. நாலு பக்கமும் பாரு, கீல் பக்கந்தான் அதிகமா போகும். சுடுதண்ணில துடைச்சு, ஹேர் டிரையரால இதமாக் காட்டி இழுத்து விட்டா பெரும்பாலும் திரும்பிடும். 12-ல வைக்கிறப்ப கம்ப்ரசர் கம்மியா ஓடும், ஈரம் உள்ளயே தங்கும். லேபிள் பூசணம், மூடி துரு. அரைக்கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பைல கட்டிப் போடு, நிறம் மாறினா காய வெச்சுத் திரும்பப் போடு. பல்பைக் கழட்டிடு.

சரோஜா அக்கா (8:51): பல்பு முக்கியம். வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் கசப்பு உடைஞ்சு ஸ்கங்க்னு ஒரு விலங்கு விடுற மாதிரி நாத்தம் வரும். பழுப்புப் போத்தல் கொஞ்சம் தாங்கும், பச்சை தாங்காது. கடையில கண்ணாடி ஜன்னலோரம் அடுக்கினதை வாங்கவே வாங்காத, பின்னாடி பெட்டியில இருக்கிறதைக் கேளு.

பிரகாஷ் (8:52): படுக்க வைக்கணுமா, நிக்க வைக்கணுமா? கார்க் போட்டதும் இருக்கே.

தனபால் மாமா (8:56): நிக்க வை, கார்க்கும் சேத்து. படுத்தா பீர் காத்தைத் தொடுற பரப்பு கூடும், ஈஸ்ட் பக்கவாட்டுல ஒட்டி, ஊத்தறப்ப கலங்கும். போத்தல் உள்ள இருக்கிற ஈரமே கார்க்குக்குப் போதும். மூடியை மெழுகுல முக்கறதெல்லாம் மூணு நாலு வருஷத்துக்கு வேணாம், அழகுக்குத்தான்.

பிரகாஷ் (8:57): காபி ஸ்டவுட் நிறைய பாத்தேன், 11 பர்சென்ட்.

தனபால் மாமா (8:58): காபி போட்டது, பழம் போட்டது வைக்காத. காபி வாசனை போயி பச்சைக் குடமிளகாய் வாடை வரும். போர்பன் விஸ்கி பீப்பாய்ல ஊறினது பரவால்ல.

குணா அண்ணன் (8:59): ஓர்வால் மட்டும் 6.2 தானே மாமா, அதையும் வைக்கிறாங்களே?

தனபால் மாமா (9:02): அது தனி ஜாதி. போத்தல்ல போடறப்பவே பிரெட்டனோமைசிஸ்னு காட்டு ஈஸ்ட் சேக்கறாங்க. அது மிச்சச் சக்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். புதுசுல ஹாப்ஸ் மணக்கும், ஆறு மாசத்துக்கு மேல தோல், குதிரைக் கொட்டகை வாசனை. நம்ம நாக்குக்குப் பிடிக்குமான்னு சொல்ல முடியாது, எனக்கு உயிர். நம்ம கடை ஸ்டவுட்டை மட்டும் எவனும் எடுத்து வைக்காதீங்க, அது புதுசா குடிக்கச் செஞ்சது.

மணியம் தாத்தா (9:03): ஐஸ் போடலாமா?

தனபால் மாமா (9:03): மணியம் மாமா!! அஞ்சு வருஷம் காத்திருந்து ஐஸா?

பிரகாஷ் (9:05): ஏர்போர்ட்ல எத்தனை கொண்டு வரலாம்?

குணா அண்ணன் (9:07): வரியில்லாம ஆளுக்கு 1 லிட்டர். 330 மில்லி போத்தல் மூணு வெச்சா 990. நீங்க ரெண்டு பேரு, ஆறு போத்தல். செக்-இன் பேக்ல ஒவ்வொண்ணையும் ஜிப் பையில போட்டு, சட்டையில சுத்தி, நடுவுல வை.

பிரகாஷ் (9:08): அப்ப ரெண்டு சிமே, ரெண்டு ரோஷ்ஃபோர், ரெண்டு பெர்னார்டஸ்?

தனபால் மாமா (9:13): அது டூரிஸ்ட் வாங்கற விதம். ஆறும் ஒரே சரக்கா வாங்கு. வந்ததும் ஒரு வாரம் ஆற விட்டு ஒண்ணைத் திற, புதுசு எப்படின்னு நாக்குக்குத் தெரியணும். அப்புறம் 1, 2, 3, 5 வருஷத்துக்கு ஒண்ணொண்ணு. ஆறாவது கைவசம் இருக்கட்டும், மூணுலயே அட்டை வாசனை எட்டிப் பாத்துச்சுன்னா மிச்சத்தைச் சீக்கிரம் முடிச்சிடலாம். கலந்து வாங்கினா எதையும் எதோடயும் ஒப்பிட முடியாது. நான் ரோஷ்ஃபோர் 10 சொல்லுவேன்.

சரோஜா அக்கா (9:15): நான் சிமே சொல்லுவேன். ஆனா மாமா சொல்றபடியே செய், ரோஷ்ஃபோர்ல ஆல்கஹால் கூட, தாங்கும்.

பிரகாஷ் (9:16): சரி, ரோஷ்ஃபோர் 10, ஆறு போத்தல். திறக்கறப்ப?

தனபால் மாமா (9:19): அந்த 12 டிகிரிலயே குடி, தனியாக் குளிர வைக்க வேணாம். போத்தலை ஆட்டாம எடுத்து மேசையில வை. பெரிய கிளாஸ் ரெண்டு பக்கத்துல வெச்சு, போத்தலைச் சாய்ச்சது சாய்ச்சபடி ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போயிடணும். நடுவுல நிமிர்த்தினா அடி வண்டல் மேல வந்திடும். கடைசி ஒரு சென்டிமீட்டரைப் போத்தல்லயே விட்டுடு.

குணா அண்ணன் (9:21): பழைய மார்க்கெட் பக்கம் ஒத்தைக் கதவு ஐஸ்பெட்டி ஒண்ணு 150 வெள்ளிக்கு நிக்குது. சனிக்கிழமை பாத்துட்டு வர்றேன், நோட்டு டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன். நீ கன்ட்ரோலர் மட்டும் ஆர்டர் போடு.

சரோஜா அக்கா (9:22): போத்தல் வந்ததும் மூடி மேல மார்க்கர்ல மாசம், வருஷம் எழுது. லேபிள்ல எழுதாத, ஈரத்துல உரிஞ்சிடும்.

மணியம் தாத்தா (9:24): முதப் போத்தல் திறக்கறப்ப கூப்புடு. அஞ்சாம் வருஷத்துக்கு நான் கேரண்டி இல்ல.